புது மண்டபத்து மிஷின் சத்தம்: மதுரையில ஒரு தொழில் தெரு இடம் மாறின கதை

எங்க அக்கா மகனுக்கு ஒரு வேண்டுதல் இருந்துச்சு. சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குறப்ப அவன் கள்ளழகர் வேஷம் கட்டி தண்ணி பீச்சணும். அக்கா இருக்கறது திருப்பூர்ல, அதனால துணி எடுத்து தைக்கக் குடுக்குற வேலை என் தலைக்கு வந்துச்சு. நான் பாட்டுக்கு கீழச் சித்திரை வீதியில நடந்து மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல இருக்குற புது மண்டபத்து முன்னாடி நேரா போய் நின்னுட்டேன், கால் பழக்கம் அப்படி. ஸ்கூல் படிக்கிறப்ப ஒவ்வொரு ஜூன் மாசமும் பழைய பாடப்புத்தகம் வாங்க எங்கம்மா கையைப் பிடிச்சிட்டு வந்த இடம் அது. உள்ள எட்டிப் பாத்தா வெறும் கல்லு. மிஷின் சத்தம் இல்ல, துணி தொங்கல, "வாங்க தம்பி என்ன வேணும்"னு ஒரு குரல் இல்ல. பக்கத்துல பூ கட்டிட்டு இருந்த அம்மாதான் "டெய்லரைத் தேடுறியாப்பா, எல்லாரும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிட்டாக"ன்னு கை காட்டுனாங்க.

கடைங்க மாறினது எனக்கும் தெரியும், பேப்பர்ல படிச்சதுதான். ஆனா படிக்கிறது வேற, அந்த வாசல்ல நின்னு பாக்குறது வேற. அன்னைக்கு ஆரம்பிச்சு ஒரு வருஷமா இதப் பத்தி கேட்டு, நடந்து, படிச்சு சேத்து வச்சதை இங்க ஒரு கேஸ் ஸ்டடியா எழுதிப் பாக்குறேன். ஏன்னா இதப் பத்தி பேசுறவங்க ரெண்டு கட்சியா நின்னுடறாங்க, கோயில் மண்டபத்துல கடை எதுக்குன்னு ஒரு கட்சி, நூறு வருஷப் பொழப்ப கெடுத்துட்டாங்கன்னு ஒரு கட்சி. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா ஒரு தொழில் தெரு எப்படி ஓடுதுங்கற விஷயம் ரெண்டு பேச்சுலயும் வரல.

ஊரோட கட்டம்

மதுரை பழைய ஊரை மேல இருந்து பாத்தா சதுரத்துக்குள்ள சதுரம். நடுவுல மீனாட்சி அம்மன் கோயில், கோயிலுக்குள்ளயே ஆடி வீதி, வெளிய வந்தா சித்திரை வீதி, அதுக்கு அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியா வெளி வீதி. மாசப் பேரு வந்ததே அந்தந்த மாசத் திருவிழாவுக்கு சாமி சுத்தி வர்ற வீதிங்கறதால. மாசியில நடந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரையும் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாத்தினாரு, ஆனா தேரு இன்னைக்கும் மாசி வீதியிலதான் ஓடுது. திருவிழா மாசம் மாறிருச்சு, வீதியோட பேரும் வேலையும் அப்படியே நின்னுருச்சு. இந்த ஊர் மாத்தத்தை எப்படி வாங்கிக்குதுங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

இந்த நாலு சுத்து வீதிக்கும் நடுவுல குறுக்க ஓடுற சந்து பொந்துங்கதான் தொழில் தெருக்கள். வெண்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு, சித்திரக்காரத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு, மஞ்சணக்காரத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு... சின்ன வயசுல எனக்கு இதெல்லாம் வெறும் அட்ரஸ்தான். எழுத்தாணி செய்யுற ஆளுங்களுக்கே ஒரு தனித் தெரு வேணும்னா அந்த ஊர்ல எவ்வளவு ஓலை எழுதப்பட்டிருக்கும்னு பெரியவனானப்பறம்தான் யோசிச்சேன். கணக்குப் பிள்ளைங்க, கோயில் கணக்கு, அரண்மனைக் கணக்கு, பத்திரம் எழுதுறவங்க, அத்தனை பேருக்கும் இரும்பு எழுத்தாணி தேஞ்சா மாத்தணும்ல. ஓலை போச்சு, எழுத்தாணி போச்சு, தெருப் பேரு மட்டும் நிக்குது.

ஊரைச் சுத்தி கோட்டையும் அகழியும் இருந்துச்சு. விசுவநாத நாயக்கர் காலத்துல 72 பாளையத்துக்குக் கணக்கா 72 கொத்தளம் வச்சு கட்டினதுன்னு சொல்லுவாங்க. அதை இடிச்சது கலெக்டர் பிளாக்பர்ன், 1830-கள் கடைசியில ஆரம்பிச்சு 1840-கள் ஆரம்பத்துக்குள்ள. கோட்டையை இடிச்சு அகழியை மூடுறவங்களுக்கு அந்த இடம்னு அவர் அறிவிச்சதா ஊர்ல பேச்சு உண்டு. மூடின இடத்துலதான் இன்னைக்கு வெளி வீதி ஓடுது. அந்த வேலையில கூட நின்ன சர்வேயர் மாரட் பேர்ல மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி பேர்ல பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்னுக்கு நன்றிக் கடனா வச்ச விளக்குதான் விளக்குத்தூண். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேலக் கோட்டை வாசலோட ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கு, பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல யாரும் திரும்பிப் பாக்கறதில்ல.

இதை எதுக்கு சொல்றேன்னா, ஊரை உடைச்சு மாத்துறது மதுரைக்குப் புதுசு கிடையாது. கோட்டை போனப்ப உள்ள இருந்த தொழில் தெருக்கள் சாகல, இன்னும் கூட பரவுச்சு. கீழமாசி வீதி மளிகை ஹோல்சேலுக்கும், மாரட் வீதி வெங்காயத்துக்கும், தெற்காவணி மூல வீதி நகைக்கும்னு பிரிஞ்சு நின்னுச்சு. ஏன்னா இடிச்சது சுவரை மட்டும்தான், நடந்து போற தூரத்தை யாரும் தொடல.

பத்துத் தூண் பக்கம்

நடக்குற தூரம்னு சொன்னேன்ல, அது புரியணும்னா விளக்குத்தூண்ல இருந்து பத்துத் தூண் சந்துக்குள்ள போகணும். ஜவுளிக் கடைங்களுக்கு நடுவுல திடீர்னு பிரம்மாண்டமா கல்தூண் வரிசை நிக்கும், திருமலை நாயக்கர் அரண்மனையில மிஞ்சினது. 1636ல கட்டின அரண்மனையோட பெரும்பகுதி போயிருச்சு, இப்ப நாம மஹால்னு டிக்கெட் எடுத்துப் பாக்குறது அதுல ஒரு சின்ன பாகம்தான். அந்தத் தூணுங்களைச் சுத்தி சேலைக் கடை, ஜாக்கெட் பிட்டு கடை, லைனிங் துணிக் கடை.

அரண்மனைக்குப் பக்கத்துல ஜவுளி எப்படி வந்துச்சுன்னு கேட்டா சௌராஷ்டிர மக்கள்தான் பதில். நாயக்கர் காலத்துல நெசவு, பட்டு, சாயம்னு கைத்தொழிலோட வந்தவங்க அரண்மனையைச் சுத்தியே குடியேறினாங்க. சுங்கடி அவங்க கை வேலை. துணியை மடிச்சு கோடு வச்சுக்கிட்டு, நகத்தால ஒரு சிட்டிகை துணியைக் கிள்ளி, அதுல நூலைச் சுத்தி முடிச்சு போட்டு, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. சாயத்துல முக்கி காய வச்சு இழுத்து விட்டா முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியா வரும். அச்சுல அடிச்ச புள்ளி மாதிரி ஒரே அளவுல இருக்காது, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கோணல், நடுவுல ஊசி முனை அளவுக்கு சாயம் நிக்கும். எங்க பெரியம்மா கையில வச்சுப் பாத்தே "இது கட்டுனது, இது பிரிண்டு"ன்னு சொல்லிடுவாங்க, காய்ஞ்சப்புறமும் முடிச்சு இருந்த இடம் லேசா மேடா இருக்குங்கறது அவங்க கணக்கு.

இந்தத் தொழில் எப்படி ஓடுச்சுன்னு பாருங்க. நெய்யுறவங்க ஒரு வீடு, முடிச்சு போடுறது வீட்டுப் பொம்பளைங்க, சாயம் போடுறவங்க அடுத்த தெரு, அலசறதுக்கு வைகை, விக்கிறதுக்கு பத்துத் தூண். எல்லாம் நடந்து போற தூரம். செடி வேர்ல எடுக்குற சாயவேர் போய் ஜெர்மன் அலிசரின்ங்கற செயற்கைச் சாயம் வந்தப்பகூட இந்தச் சங்கிலி அறுந்து போகல, ஒரு கண்ணி மட்டும் மாறுச்சு. 2005ல புவிசார் குறியீடும் கிடைச்சிருச்சு. ஆனா இன்னைக்கு கடையில சுங்கடின்னு விக்கிறதுல பெரும்பாலும் மெழுகு அச்சும் பிரிண்டும்தான், கையால முடிச்சு போடுறவங்க ரொம்பக் குறைஞ்சுட்டாங்க. குறியீடு பேரைக் காப்பாத்துது. கிள்ளி முடியுற விரலுக்குக் கூலி கட்டுபடியாகணும்ல, அது தனிப் பிரச்சினை.

மண்டபத்துக்குள்ள இருந்தது என்ன

இப்ப மண்டபத்துக்கு வரேன். 1623ல பட்டத்துக்கு வந்த திருமலை நாயக்கர் வைகாசி வசந்த உற்சவத்துக்குன்னே கட்டினது, அதனால வசந்த மண்டபம்னும் பேரு. 333 அடி நீளம், 105 அடி அகலம், நாலு வரிசையா 124 தூண். வெயில் காலத்துல சாமி வந்து உக்காரணும்னு சுத்தி தண்ணி நிக்க அகழி மாதிரி வாய்க்கால், காத்து அது மேல பட்டு குளுகுளுன்னு உள்ள வரும். நாயக்க ராஜாக்கள் வரிசையா சிலையா நிக்கிறாங்க, மீனாட்சி கல்யாணம் இருக்கு, கல்யானை கரும்பு தின்ன திருவிளையாடல் இருக்கு, ராவணன் கைலாயத்தைத் தூக்குறது இருக்கு. 1792ல இங்க வந்த வெள்ளைக்கார ஓவியர்கள் டேனியல்கள் இதை வரைஞ்சிருக்காங்க.

இதுக்குள்ள கடை வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கோயிலுக்கு வாடகை கட்டுற கடைங்க, ஏறத்தாழ 300. ஒரு பக்கம் பூரா டெய்லருங்க, தூணடியில ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், தலைக்கு மேல ஒரு டியூப் லைட். யாளி வாய்க்குப் பக்கத்துல கயிறு கட்டி பாவாடை தொங்கும். இன்னொரு பக்கம் புத்தகக் கடை, பாடப்புத்தகம், பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதை, சாமி பாட்டு. பித்தளைப் பாத்திரம், இரும்பு வாணல், சொப்பு சாமான், குங்குமம், வளையல்.

டெய்லருங்க வேலையை மட்டும் கொஞ்சம் கிட்ட போய்ப் பாக்கணும். கள்ளழகர் வேஷத்துக்கு வெல்வெட்டுல முட்டி வரைக்கும் சல்லடம், மேல சட்டை, இடுப்புக்குக் கச்சை, தலைக்குக் குல்லா. ஓரம் பூரா ஜரிகை லேஸ், நடுவுல சமிக்கி. சல்லடத்துக் கால் பக்கம் மடிப்பு மடிப்பா வந்து, ஆடுறப்ப விரியணும். அதுக்கு துணியைக் குறுக்கு வாக்குல வெட்டணும், நேர் வாக்குல வெட்டுனா விறைச்சுக்கிட்டு நிக்கும். இதெல்லாம் எந்த டெய்லரிங் இன்ஸ்டிடியூட்லயும் சொல்லித் தரமாட்டாங்க, அப்பா மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்து காஜா எடுத்துப் பழகினவங்க கை. தைக்கிறவங்கள்ல முஸ்லிம் டெய்லருங்களும் உண்டு, அழகருக்கு வேஷம் கட்டுறவன் துணியை பாய் தைக்கிறது மதுரையில யாருக்கும் பேசற விஷயமாவே தெரியாது. சாமிக்குப் பாவாடை, கருப்பசாமிக்கு சல்லடம், தேருல தொங்க விடுற துணித் தொம்பை, குடை, எல்லாம் இங்கதான்.

வருஷம் பூரா வேலை ஓடுனதுக்குக் காரணம் சீசன் மாறி மாறி வந்தது. பங்குனி, சித்திரையில அழகர் வேஷம், அது முடிய ஸ்கூல் யூனிபார்ம், ஆடியில அம்மன் கோயில் ஆர்டர், அப்புறம் தீபாவளி. அதை விட முக்கியமான விஷயம் ஒண்ணு, இவங்க யாரும் ஸ்டாக் வச்சுக்கல. லேஸ் தீந்துருச்சா, பையனை அனுப்புனா ரெண்டு நிமிஷத்துல வந்துரும். சமிக்கி, பாசி, கண்ணாடி எல்லாம் எழுகடல் தெருப் பக்கம், சலங்கை வேணும்னா உள்ளயே பித்தளைக் கடை, வெல்வெட்டுக்கு பத்து நிமிஷம் நடந்தா பத்துத் தூண். முதலே இல்லாம ஒரு மிஷினை வச்சு ஒரு குடும்பம் பொழைச்சதுக்கு இந்த நெருக்கம்தான் முதல். கஸ்டமரும் தேடி வரல, கிழக்குக் கோபுர வாசல்ல சாமி கும்பிட்டு வெளிய வந்தா எதிர்லயே மண்டபம், வேண்டிக்கிட்ட சூட்டோட அளவு குடுத்துட்டுப் போயிருவாங்க.

தீ

2018 பிப்ரவரி 2, ராத்திரி. கோயிலோட கிழக்குப் பக்கம் வீரவசந்தராயர் மண்டபத்துல இருந்த கடைங்கள்ல தீப்பிடிச்சது. முப்பதுக்கு மேல கடை போச்சு, மண்டபத்துக் கூரையும் தூணும் விழுந்துச்சு. உயிர்ச்சேதம் மனுஷங்களுக்கு இல்ல, புறாக்கள் செத்துச்சு. மறுநாள் காலையில ஊரே அழுத மாதிரிதான் இருந்துச்சு, எங்க வீட்டுல அன்னைக்கு யாரும் டிவியை ஆஃப் பண்ணல.

கருங்கல்லு எரியாதுன்னு நாம நினைக்கிறோம். எரியாதுதான், ஆனா சூட்டுல வெடிக்கும். கருங்கல்லுக்குள்ள இருக்குற படிகங்கள் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுக்கு விரியும், மேல்தோல் சூடாகி உள்ள குளிர்ச்சியா இருந்தா பாளம் பாளமா பேந்துரும், அந்த நேரம் தண்ணி பட்டா இன்னும் மோசம். அப்படிப் பேந்த தூணை ஒட்ட வைக்க முடியாது, புதுசா கல்லு வெட்டி எடுத்து, ஸ்தபதிங்களை வச்சு திரும்ப செதுக்கணும். வருஷக்கணக்குல இழுக்குற வேலை.

இதைப் பாத்தப்புறம் புது மண்டபத்தை அப்படியே விட முடியுமா? 124 தூணுக்கு நடுவுல துணி, பேப்பர், பிளாஸ்டிக், ஒயர். ஒரு பொறி போதும். நான் மண்டபத்துல வளந்தவன், கடைங்க மேல பாசம் உண்டு, ஆனாலும் கடையை எடுத்தது சரின்னுதான் சொல்லுவேன். கல்லுல ஆணி அடிச்சதும், சிலை மேல பெயிண்ட் பூசினதும், வாய்க்கால் கண்ணுக்கே தெரியாம மறைஞ்சதும் நடந்த விஷயங்கள்தானே. அடுத்த சில வருஷத்துல பக்கத்துலயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்துல புதுசா மாடிக் கட்டடம் எழும்பி, கடைங்க அங்க மாறுச்சு. தூரம்னு பாத்தா கூப்பிடு தூரம்தான்.

கூப்பிடு தூரத்துல என்ன மாறுச்சு

நான் தேடிப் போன டெய்லர் எங்க அப்பா காலத்துல இருந்து பழக்கம். "என்ன பாய், எப்படி இருக்கு புது இடம்"னு கேட்டேன்.

"லைட்டு நல்லாருக்கு தம்பி, மழை ஒழுகல, அதெல்லாம் குறை சொல்லக் கூடாது. ஆனா அங்க உக்காந்திருந்தா வர்றவங்க என்னையப் பாப்பாங்க. இங்க என்னையத் தெரிஞ்சவங்க மட்டும்தான் வர்றாங்க."

இந்த ரெண்டு வரியைத்தான் நான் ஒரு வருஷமா யோசிச்சுட்டு இருக்கேன். மண்டபத்துல அவருக்கு சுவரே கிடையாது. தைக்கிறதே விளம்பரம், வெல்வெட்டுல லேஸ் ஓடுறதைப் பாத்துட்டு நின்னு, விலை கேட்டு, ஆர்டர் குடுத்துட்டுப் போன ஆளுங்கதான் பாதி. ஷட்டர் போட்ட கடைக்குள்ள, நாலடி உள்ள தள்ளி மிஷின் இருந்தா அதை யார் பாக்கறது.

மாடிங்கறதும் பெரிய விஷயம். தெற்காவணி மூல வீதியில நகைப் பட்டறை நிறைய மாடியிலதான் இருக்கு, குறுகலான மரப்படி ஏறிப் போனா நாலு பேர் குமுட்டி அடுப்புக்கு முன்னாடி ஊதுகுழலோட உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, கீழ கடைக்காரர் வேலை குடுப்பாரு, மேல செஞ்சு அனுப்புவாங்க. பட்டறை மாடியில பொழைச்சுக்கும், கடை பொழைக்கறது கஷ்டம். புது மண்டபத்து டெய்லரு ரெண்டும் சேந்தவரு, பட்டறையே கடை. இவரை வெறும் கடைக்காரரா நினைச்சு ஷட்டர் குடுத்தா, அந்தப் பாதி ஆளு மட்டும்தான் இடம் மாறுறாரு.

சங்கிலியும் தளர்ந்துருச்சு. சேந்து இருந்தவங்க கடை நம்பர் வாரியா பிரிஞ்சதுல, லேஸ் ஒரு பக்கம், சலங்கை ஒரு பக்கம். இப்ப பாய் லேஸ் ரோல் வாங்கி ஸ்டாக் வைக்கிறாரு, அதுக்குப் பணம் முடங்குது. இது நான் நேர்ல பாத்த ஒரு கடைக் கணக்குதான், எல்லாருக்கும் இப்படின்னு சொல்ல மாட்டேன். போனும் வாட்ஸ்அப்பும் வச்சு வெளியூர் ஆர்டர் பிடிச்சு நல்லா வந்த டெய்லரும் எனக்குத் தெரியும், அவரு சின்ன வயசு, மகளே டிசைன் போட்டோ எடுத்து அனுப்பிடுது.

ஒரு ஒப்பீடு சொல்லணும். மேலமாசி வீதிப் பக்கம் மதனகோபால சுவாமி கோயில் இருக்கு. அதோட மண்டபத் தூண்களை 1912ல தேனிலவுக்கு வந்த ஒரு அமெரிக்க அம்மா விலைக்கு வாங்கி கப்பல்ல அனுப்பிட்டாங்க, இப்ப அது ஃபிலடெல்ஃபியா மியூசியத்துல நிக்குது, 1919ல குடுத்தது. கல்லைக் கடல் தாண்டிக் கொண்டு போய், திரும்பவும் தூணா நிறுத்த முடிஞ்சிருக்கு. தொழில் தெருவை கூப்பிடு தூரம் நகத்துறது அதை விடக் கஷ்டமா இருக்குன்னா, அதுல தூண் எது, பாரம் எது மேல உக்காந்திருக்குன்னு யாரும் வரைஞ்சு வச்சுக்கலங்கறதுதான் காரணம். பிரிக்கறதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட பொருள் வாங்குறாங்க, எத்தனை அடி நடக்குறாங்க, கஸ்டமர் எந்த வாசல்ல இருந்து வர்றாங்கன்னு ஒரு மாசம் உக்காந்து எழுதியிருந்தா, டெய்லரு, லேஸு, சலங்கை மூணையும் ஒரே வரிசையில, தரைத் தளத்துல, ஷட்டருக்குப் பதிலா திறந்த திண்ணையா குடுத்திருக்கலாம். இப்பவும் முடியும். பங்குனி, சித்திரை ரெண்டு மாசத்துக்காவது கீழ வீதியோரமா இருபது மிஷின் போட இடம் குடுத்தா போதும்.

மண்டபம் காலியானதுல எனக்கு சந்தோஷமும் இருக்கு, மறைக்க விரும்பல. கம்பிக்கு வெளிய நின்னு பாத்தப்ப, யூனிபார்ம் மூட்டைக்குப் பின்னாடி இருந்த ஒரு தூணுல முழு உருவம் நிக்கறதை முதல் தடவையா கவனிச்சேன். முப்பது வருஷமா அந்த வழியா போயிருக்கேன்.

வேஷம் தைச்சு வாங்கப் போனப்ப பாய் அளவு டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டே "எத்தன வருஷ வேண்டுதல்"னு கேட்டாரு. மூணு வருஷம்னேன். சல்லடத்தைப் புரட்டிக் காட்டுனாரு, கால் ஓரத்துலயும் இடுப்புலயும் நாலு விரல் அகலத்துக்கு வெல்வெட்டை உள்ள மடிச்சு, பெரிய பெரிய தையலா ஓட்டி வச்சிருந்தாரு. "புள்ள வளருவான்ல, வருஷா வருஷம் கொண்டு வாங்க, பிரிச்சு விட்டுத் தரேன். கடை நம்பரை மட்டும் எழுதிக்கங்க தம்பி, தூணை வச்சு அடையாளம் சொல்ல இப்ப முடியாது"ன்னாரு.